விருந்து வளர்த்த சுற்றம்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எட்டு வனப்புகளுள் ஒன்றாகிய, புதுவதாகப் புனையப்படும் செய்யுளுக்கும் விருந்து என்பதே பெயர். வீட்டு வாயிலில் புதியராய் வந்து நிற்பவரும் விருந்து எனப்பட்டார். நாளடைவில் அவருக்குப் படைக்கும் உணவும் அப்பெயர் பெற்றது. உற்றார் உறவினரைப் பேணுவதை நம் முன்னோர் இதனின்றும் வேறாக வைத்து எண்ணினர். திருவள்ளுவர் விருந்தோம்பலை அறத்துப்பாலில் 9ஆம் அதிகாரமாக அமைத்தார். சுற்றந்தழாலைப் பொருட்பாலில் 53ஆம் அதிகாரமாக அமைத்தார். புதியவர் வேறு, சுற்றத்தார் வேறு என்பது அப்பகுப்பால் விளங்கும்.

ஆயினும், இவ்விரு சாராரும் ஒரே பந்தியில் ஒன்றாய்க் கலந்த வரலாறு ஒன்று உண்டு. அது தலைநகரில் குடியேறிய தமிழ் மக்களின் தீபாவளி விருந்தின் வரலாறு. சரோஜினி நகரில் வாழ்ந்தோரும் வாழ்வோரும் அதனை அறிந்து வைத்தல் நலம். ஏனெனில் அவ்விருந்தை வளர்த்த வீடுகள் இன்று மறைந்து வருகின்றன.

மலையும் சமவெளியும்

இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்னும் அறிவிப்பு 1911ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் தில்லி தர்பாரில் வெளியாயிற்று. புதுதில்லி நகரம் 1931ஆம் ஆண்டு பிப்ரவரியில் முறையாகத் திறந்து வைக்கப்பெற்றது. அக்காலத்தில் அரசாங்கம் குளிர்காலத்தில் தில்லியிலும் கோடையில் சிம்லாவிலும் நடைபெற்றது. சென்னை மாகாணத்திலிருந்து எழுத்தராகவும் கணக்கராகவும் வந்த நம்மவர் பலர், அரசாங்கத்தைப் பின்தொடர்ந்து, பாத்திரம் பண்டங்களுடன் ஆண்டுதோறும் மலை ஏறினர்; மலை இறங்கினர். கோடை கழிந்து தில்லிக்கு மீண்டு, குடித்தனத்தைச் சீர்ப்படுத்தும் வேளையில் தீபாவளி வந்து நிற்கும். ஆகவே, தில்லித் தமிழருக்கு ஐப்பசி மீண்டும் கூடும் மாதமாக அமைந்தது.

அம்மக்கள் தம் பிள்ளைகளின் கல்வியைக் கருதி 1923ஆம் ஆண்டில் தொடங்கிய மதராசி கல்விக் கழகமே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாய்த் தழைத்துள்ளது. 1946ஆம் ஆண்டில் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றிற்று. பள்ளிக்கும் சங்கத்திற்கும் ஆண்டறிக்கை உண்டு. பந்திக்கு அறிக்கை எழுதுவார் இல்லை. எனினும், பள்ளியும் சங்கமும் செய்த தொண்டில் ஒரு பகுதியைப் பந்தியும் அமைதியாகச் செய்து வந்தது.

சம்பளம் அமைத்த அயல்

நாடு விடுதலை பெற்றபின் அரசு அலுவலர் தொகை பெருகிற்று. அவர்களுக்கென்று சப்தர்ஜங் விமானத் தளத்தை அடுத்த பகுதியில் விநய் நகர் எழுந்தது. பின்னர் அது கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் பெயரைத் தாங்கிச் சரோஜினி நகர் ஆயிற்று. ஐதராபாத்தில் வங்காளிக் குடும்பத்தில் 1879ஆம் ஆண்டு பிறந்து, 12ஆம் வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்று, சாதியும் மொழியும் கடந்து மணம் புரிந்தவர் அவ்வம்மையார். பல மொழியினர் கலந்து வாழும் குடியிருப்புக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது.

அங்கே வீடு, பணியாளரின் சம்பளத்தையும் பணிக்காலத்தையும் நோக்கியே ஒதுக்கப்பட்டது. ஊரையும் மொழியையும் குலத்தையும் நோக்கியன்று. தமிழகத்துச் சிற்றூர்களில் தெருவே குலத்தைக் காட்டும். இங்கோ, திருநெல்வேலியாரின் சுவருக்கு மறுபுறம் கும்பகோணத்தார் இருப்பர். மேல்மாடியில் வங்காளியர் இருப்பர். எதிர் வரிசையில், 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்த பஞ்சாபியர் இருப்பர். அயலாரை நாம் தேர்ந்துகொள்ளவில்லை. அரசாங்கக் கோப்பு தேர்ந்து கொடுத்தது.

உறவினரோ ஆயிரத்து முந்நூறு கல் தொலைவில் இருந்தனர். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்தால்தான் சென்னையைக் காணலாம். மத்திய அரசு ஊழியர் சொந்த ஊர் சென்று வருவதற்கான பயணச் சலுகை 1956ஆம் ஆண்டு அக்டோபரில் ஏற்பட்டது. அதுவும் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறையே. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை எண்ணிப் பெரும்பாலோர் அதனைக் கோடையிலேயே பயன்படுத்திக்கொண்டனர். எனவே தீபாவளியன்று பாட்டனார் பாட்டியார் இன்றி, அத்தை மாமன் இன்றி, நான்கு பேர் மட்டும் இலை முன் அமரும் நிலை நேர்ந்தது. நான்கு பேருக்குச் சமைப்பது சமையலாகும், பண்டிகையாகுமோ? அக்குறையைத் தீர்க்கவே நம் இல்லத்தரசியர் சுவருக்கு மறுபுறம் குரல் கொடுத்தனர். ஒரு வீட்டில் சாம்பார், ஒரு வீட்டில் பாயசம், ஒரு வீட்டில் வடை என்று பங்கிட்டுக்கொண்டனர். பெருங்குடும்பம் அவ்வாறு பிறந்தது.

வானமும் பஞ்சாங்கமும்

ஐப்பசியில் அடைமழை என்பது தமிழகத்துப் பழமொழி. வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலமாதலின், அங்கே தீபாவளி விருந்து கூரைக்குள்ளேயே நடைபெறும். கூடம் கொள்ளும் அளவே பந்தியின் அளவாகும். தில்லியிலோ செப்டம்பர் இறுதியிலேயே மழை விடைபெற்றுவிடும். ஐப்பசியில் வானம் தெளிந்திருக்கும், வெயில் சுடாது, காலையில் மெல்லிய குளிர் வீசும். ஆதலால் பந்தி வீட்டைவிட்டு வெளியே வந்தது. இரு வீட்டு வரிசைகளுக்கு இடையேயுள்ள புல்வெளியில் வேப்பமர நிழலில் ஜமக்காளம் விரித்தால், ஐம்பது பேரும் அமரலாம். சிறிய வீட்டில் பெரிய விருந்து நடத்தும் வழியை வடநாட்டு வானமே நமக்குக் காட்டிற்று எனலாம்.

பஞ்சாங்கமும் இதற்குத் துணை செய்தது. தமிழர்க்குத் தீபாவளி நரக சதுர்த்தசி விடியற்காலையில். வடபுலத்தார்க்கு அமாவாசை மாலையில். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் அமையும். பல ஆண்டுகளில் நம்முடையது ஒரு நாள் முந்தும். மத்திய அரசின் பொது விடுமுறை அமாவாசைத் தீபாவளியைச் சார்ந்தது. நரக சதுர்த்தசி விருப்ப விடுமுறைப் பட்டியலில் இடம்பெறுவது. ஆகவே எண்ணெய் நீராட்டும், சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சேர்த்துக் கிளறிய தீபாவளி மருந்தும், புத்தாடையும் அவரவர் வீட்டில் விடியுமுன் நிறைவேறும். ஊர்கூடிய பந்தி விடுமுறை நாளின் நண்பகலில் அமையும். அன்று மாலையிலேயே வடநாட்டு அயலார் விளக்கேற்றி, இனிப்புத் தட்டுடன் நம் வாயிலுக்கு வருவர். காலையில் நாம் அவர்க்கு விருந்தோம்புவோர். மாலையில் அவர்க்கு நாம் விருந்தினர்.

இலையின் இலக்கணம்

விருந்தின் அழகு பண்டங்களின் எண்ணிக்கையில் இல்லை, முறையில் இருக்கிறது. நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்குமாறு இலையிடுதல், உப்பையும் ஊறுகாயையும் இலையின் மேற்பாதியில் வைத்தல், இனிப்பை முதலில் தொடுதல், பருப்பும் நெய்யும் முன்னே வர, சாம்பாரும் ரசமும் தொடர, மோர் இறுதியில் வருதல், முதியோரையும் குழந்தைகளையும் முதற்பந்தியில் அமர்த்தி, வீட்டார் கடைசிப் பந்தியில் உண்ணுதல் ஆகியன அம்முறைகள். வாழை இலை கிடைக்காத நாட்களில் வடநாட்டுத் தையல் இலை கைகொடுத்தது. வட்டமான அவ்விலைக்கு நுனி ஏது? இடம் எது, வலம் எது என்னும் கேள்வி குழந்தைகளிடையே சிரிப்பை விளைத்தது. முறை தெரிந்தவர் அருகிருந்து உப்பு வைக்கும் இடத்தைக் காட்டினால், அதுவே திக்கு ஆயிற்று.

தட்டுப்பாட்டுக் காலங்களிலும் பந்தி நின்றுவிடவில்லை. 1962ஆம் ஆண்டில் சீனப் படையெடுப்பு அக்டோபர் 20ஆம் நாள் தொடங்கிற்று. அடுத்த வாரமே தீபாவளி. 1965ஆம் ஆண்டில் பாகிஸ்தானுடன் நிகழ்ந்த போர் ஓய்ந்த ஒரு மாதத்தில் தீபாவளி. நாட்டின் உணவுக் குறையை முன்னிட்டுத் திங்கட்கிழமை இரவு உணவைத் துறக்குமாறு பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வேண்டிய ஆண்டு அது. கோதுமை உண்ணும் நாட்டில் அரிசி உண்போருக்கு இடர் இருமடங்கு. அத்தகைய காலத்தில் ஒரு வீட்டால் இயலாததைப் பத்து வீடுகள் சேர்ந்து செய்தன. ஆளுக்கொரு ஆழாக்கு அரிசி, பாயசத்திற்குச் சேமியா, 1959ஆம் ஆண்டு தொடங்கிய தில்லிப் பால் திட்டத்தின் பாலில் வீட்டுக்குக் கொஞ்சம். செல்வம் பெருகியதால் பெருகிய பந்தி அன்று இது. சுருக்கத்தைப் பகிர்ந்ததால் நிலைத்த பந்தி.

யார் அருகில் யார்

பந்தியின் பெருமையைப் பேசும்போது அதன் சிறுமையை மறைத்தல் முறையன்று. நம் நாட்டில் பந்தி மக்களைச் சேர்த்ததைப் போலவே பிரித்தும் வைத்தது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் சிலருக்குத் தனியே உணவு படைத்தமை, தமிழ்நாட்டு அரசியலையே கலக்கிற்று. வ. வே. சு. ஐயர் போன்ற தியாகியரின் நிறுவனத்திலும் அந்நிலை இருந்ததென்றால், பிற இடங்களைச் சொல்ல வேண்டுவதில்லை. தலைநகருக்கு வந்தோர் தம் பெட்டியுடன் இப்பழக்கத்தையும் கொண்டு வந்தனர். எல்லா வீட்டுக் கதவுகளும் ஒரே நாளில் திறந்துவிடவில்லை.

ஆயினும் குடியிருப்பின் அமைப்பு மெல்ல மெல்ல வென்றது. ஒரே குழாயடி, ஒரே பால் சாவடி, ஒரே பேருந்து, ஒரே பள்ளி. பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டு வளர்ந்தனர். தீபாவளிக் காலையில் இட்டலியும் ஆட்டுக்கறிக் குழம்பும் உண்ணும் குடும்பத்தார், பொதுப் பந்தியை எண்ணி நண்பகலில் மரக்கறி உணவை ஏற்றனர். தன்மான இயக்கக் கருத்துடையோர் தீபாவளியைக் கொண்டாடார். பொங்கலே தமிழர் திருநாள் என்பர். அவர்களும் அயலார் அழைப்பை மதித்து வந்தமர்ந்தனர். பொங்கலன்று தம் வாயிலில் எல்லாரையும் அமர்த்தினர். மேடைகளில் நெடுநாள் பேசப்பட்ட சமபந்தி, புல்வெளியில் பெயரின்றியே நடந்தேறிற்று.

எஞ்சி நிற்பது

2005ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாளை இக்குடியிருப்பு மறவாது. தீபாவளிக்கு மூன்று நாட்கள் முன்னர், பண்டிகைப் பொருள் வாங்குவோர் நிறைந்திருந்த மாலையில், சரோஜினி நகர் அங்காடியில் குண்டு வெடித்தது. அன்று தில்லியில் நிகழ்ந்த மூன்று வெடிப்புகளிலும் சேர்ந்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புத்தாடை வாங்கச் சென்றோர் வீடு திரும்பவில்லை. பண்டிகை நாளில் எல்லாரும் இலை முன் அமர்ந்திருப்பதே பெரும்பேறு என்பதை அத்துயரம் உணர்த்திற்று.

இன்று வேறொரு மாற்றம் நம்முன் நிற்கிறது. சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளைப் புதுப்பிக்க மத்திய அமைச்சரவை 2016ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. 2018ஆம் ஆண்டில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து மக்கள் திரண்டனர். உயர் நீதிமன்றமும் இடையில் தடை விதித்தது. பழைய வீடுகள் முதுமை எய்திவிட்டன. புதிய வீடுகள் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டடுக்கு வரிசையும் நடுவே புல்வெளியுமாய் இருந்த அமைப்பு, அடுக்குமாடிகளுக்கு இடம் கொடுக்கிறது. பழங்குடும்பங்கள் ஓய்வு பெற்றுத் துவாரகை, நொய்டா, குர்காவ், சென்னை எனப் பிரிந்து சென்றன. உயர்ந்த மாடியில் கதவு சாத்தி வாழ்வோர்க்குச் சுவருக்கு மறுபுறம் குரல் கேட்பதில்லை.

ஆதலின் சங்கத்தின் கடமை முன்னிலும் பெரிதாகிறது. சரோஜினி நகர்ப் பந்தி, உறவினர் கூடி நடத்திய விருந்தன்று. கூடி உண்டதனால் உறவினர் ஆனோரின் விருந்து. ஆண்டு விழாவில் பழைய முகங்களே ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டால் அது சுற்றந்தழாலாகும், விருந்தோம்பலாகாது. இவ்வாண்டு புதிதாக மாற்றலாகி வந்த இளங்குடும்பம், கல்லூரி விடுதியில் தனித்திருக்கும் மாணவர், மாடிப்படியில் வணக்கம் மட்டும் சொல்லிச் செல்லும் பிறமொழி அயலார் ஆகியோர் நம் பந்தியில் அமர வேண்டும். ஐப்பசி வானம் இன்னும் பெரும்பாலும் மழையின்றியே இருக்கிறது. முதல் இலை புதியவருக்கு இடப்படுமாக.