பண்பும் பண்பின்மேற் குறிப்பும்: நிரல்மொழிகளில் மீத்தரவின் வரலாறு

1. முன்னுரை

பொருள்நோக்கு நிரல்மொழிகளில் வகுப்பு என்பது ஒரே அமைப்புடைய பொருள்களுக்கான வரையறை ஆகும். மாணவர் என்னும் வகுப்பில் பெயர், பிறந்த நாள் ஆகியன பண்புகள். ஒரு மாணவரின் பெயர் இன்னது என்பது அப்பண்பின் மதிப்பு. ஆனால் பெயர் 60 எழுத்துகளுக்கு மிகலாகாது, வெறுமையாக விடப்படலாகாது என்பன தனி மாணவர் எவரையும் பற்றிய செய்திகள் அல்ல. பெயர் என்னும் பண்பைப் பற்றியவை. இவ்வாறு தரவைப் பற்றி அமையும் தரவே மீத்தரவு எனப்படுகிறது. அகராதியில் தலைச்சொல்லின் பொருள் வேறு, அதற்கு இடப்படும் 'பெயர்ச்சொல்', 'வழக்கிறந்தது' என்னும் குறிப்புகள் வேறு என்பதை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. இக்குறிப்பை எங்கே எழுதுவது என்னும் வினாவுக்கு நிரல்மொழிகள் கண்ட விடைகளையும், அவ்வரலாறு கலைச்சொல்லாக்கத்திற்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தொடக்க நிலை

1958இல் ஜான் மெக்கார்த்தி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியில் ஒவ்வொரு குறியீட்டுப் பெயரோடும் ஒரு பண்புப்பட்டியல் இணைந்திருந்தது. வகுப்பு என்னும் கருத்தினை 1967இல் நார்வே நாட்டின் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்டு ஆகியோர் சிமுலா மொழியில் தந்தனர். பொருளின் உறுப்புகளை அம்மொழி 'அட்ரிபியூட்' என்று வழங்கியது. 1974இல் மார்வின் மின்ஸ்கி அறிவைச் சட்டகங்களாக அமைக்கும் கொள்கையை முன்வைத்தார். அதனைப் பின்பற்றி 1977இல் ராபர்ட்சும் கோல்ட்ஸ்டீனும் அமைத்த சட்டக மொழியில் ஒவ்வோர் இடத்திற்கும் பல முகங்கள் இருந்தன: மதிப்பு ஒரு முகம், மதிப்பு தரப்படாதபோது கொள்ளத்தக்கது மற்றொன்று, மதிப்பு நிறைவேற்ற வேண்டிய கட்டுப்பாடு பிறிதொன்று. பண்பின் மதிப்பும் பண்பைப் பற்றிய செய்தியும் இங்கே தெளிவாக வேறுபடுத்தப்பட்டன.

3. பிரிவும் இணைப்பும்

1996இல் வெளியான ஜாவா மொழியில் இத்தகைய செய்திக்குத் தனியிடம் இல்லை. அடுத்த ஆண்டு வந்த 1.1 பதிப்பில், ஓர் உறுப்பு கைவிடத்தக்கது என்னும் செய்தி குறிப்புரைக்குள் எழுதப்பட்டது. நிரல்பெயர்ப்பி அதனைப் படித்து எச்சரிக்கை விடுத்தது. குறிப்புரை மனிதர்க்கு மட்டுமே உரியது என்னும் மரபு இதனால் நெகிழ்ந்தது. தரவுத்தளத்தின் எந்தப் பத்தியில் எந்தப் பண்பு சேமிக்கப்படும் என்பன போன்ற செய்திகளோ தனி எக்ஸ்எம்எல் கோப்புகளில் எழுதப்பட்டன. வகுப்பில் பண்பின் பெயரை மாற்றியவர் கோப்பில் மாற்ற மறந்தால், நிரல்பெயர்ப்பு தடையின்றி முடியும். பிழையோ நிரல் இயங்கும்போதுதான் வெளிப்படும்.

இக்குறையைத் தீர்க்கும் வழியாகக் குறிப்பு பண்பின் தலைமேலேயே ஏறியது. 2002இல் வெளியான சி ஷார்ப் மொழி, சதுர அடைப்புக்குள் குறிப்பெழுதும் முறையைக் கொணர்ந்தது. 2004இல் ஜாவாவின் ஐந்தாம் பதிப்பு, 'அட்' குறியை முன்னிட்டெழுதும் முறையை ஏற்றது. 2018இல் பைத்தான் 3.7 தரவு வகுப்பின் ஒவ்வொரு புலத்திற்கும் மீத்தரவு இணைக்க வழி செய்தது. 2020இல் பைத்தான் 3.9 வகைக்குறிப்போடு வேறு செய்திகளையும் சேர்த்தெழுத இடந்தந்தது.

இதற்கும் விலை உண்டு. மாணவரை வரையறுக்கும் வகுப்பு தரவுத்தளத்தின் நுணுக்கங்களையும் சுமக்க நேர்கிறது. ஆதலின் தனிக்கோப்பு முறை முற்றிலும் வழக்கொழியவில்லை.

4. ஓர் ஒப்புமை

ஜாவாவில் ஒரு குறிப்பு எதுவரை நிலைக்கும் என்பதும் வரையறுக்கப்படுகிறது. சில மூலநிரலோடு மறைவன. சில பெயர்க்கப்பட்ட கோப்பில் தங்குவன. சில நிரல் இயங்கும்போதும் படிக்கப்படுவன. முதல் வகையை நோக்கும்போது பாணினீயத்தின் அனுபந்தங்கள் நினைவிற்கு வருதல் இயல்பு. 'செய்' எனப் பொருள்படும் 'க்ரு' என்னும் வினையடி, தாதுபாடத்தில் 'டுக்ருஞ்' என்று தரப்படுகிறது. இறுதி ஞகரம் அவ்வினை பரஸ்மைபதம், ஆத்மனேபதம் இரண்டனையும் ஏற்கும் என அறிவிக்கும். முன்னுள்ள 'டு' குறிப்பிட்ட ஒரு விகுதியைப் பெறும் எனச் சுட்டும். சொல்லில் இவை ஒலிப்பதில்லை. பணி முடிந்ததும் நீங்கும். இஃது ஒப்புமையே, ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியதெனக் கொள்ளச் சான்றில்லை.

5. கலைச்சொற் சிக்கல்

சிமுலாவிலும் பைத்தானிலும் 'அட்ரிபியூட்' என்பது பொருளின் உறுப்பு. சி ஷார்ப் மொழியிலோ அதே சொல் உறுப்பின்மேல் ஏற்றப்படும் குறிப்பைச் சுட்டுகிறது. 2020இல் வெளியான பிஎச்பி 8.0 பதிப்பும் இவ்வழக்கையே மேற்கொண்டது. ஜாவா அதனை 'அனோட்டேஷன்' என்கிறது. ஆங்கிலச் சொல் ஒன்றே என்பதால் எங்கும் 'பண்பு' என்று பெயர்த்தால், 'பண்பிற்குப் பண்பை இணைத்தல்' என்னும் தொடர் பிறக்கும்; எது உறுப்பு, எது குறிப்பு என்று படிப்பவர் அறிய இயலாது.

ஆகவே உறுப்பினைப் 'பண்பு' என்றும், அதன்மேல் ஏற்றுவதை 'ஒட்டுக்குறிப்பு' என்றும், மூலமொழி எச்சொல்லை ஆண்டாலும், வேறுபடுத்தி வழங்குதல் தகும். மொழிபெயர்ப்பாளர் பெயர்க்க வேண்டியது சொல்லின் வடிவத்தை அன்று. அமைப்பில் அச்சொல் வகிக்கும் இடத்தையே ஆகும்.