கொலுப் பொம்மைகளும் நம் வீட்டு வரலாறும்

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் அரசர் பெயர்களுமே நம்மிற் பலர்க்கு நினைவுக்கு வருகின்றன. அவை பெருங்கதையைச் சொல்வன. நம் வீடுகளின் சிறுகதையைச் சொல்லும் சான்றுகளும் உள. அவற்றுள் ஒன்று, நவராத்திரி முடிந்ததும் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைக்கப்படும் கொலுப் பொம்மையாகும். அதன் பழைமையையும், பழுதுற்ற பொம்மையை வீட்டில் வைத்தே பேணும் முறையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பொம்மை செய்தல் மிகப் பழைய கலை. மொகெஞ்சதாரோ, அரப்பா ஆகிய இடங்களை அகழ்ந்தபோது, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சுடுமண் வண்டிகளும் தலையசைக்கும் காளைகளும் கிடைத்தன. தமிழகத்தில் கீழடியிலும் சுடுமண்ணாலான மனித, விலங்கு உருவங்கள் வெளிப்பட்டுள்ளன. சங்கச் செய்யுட்கள், மகளிர் கோரையாற் செய்த பஞ்சாய்ப் பாவையையும் மணலிற் செய்த வண்டற் பாவையையும் கூறுகின்றன. கோரையும் மணலும் அழிந்துபோயின. பாட்டிற் பதிந்தமையால் அப்பாவைகளின் பெயர் மாத்திரம் நிலைத்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்வோமாக.

கொலுவில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை எண்ணிற் படிகள் அமைப்பர். கீழ்ப் படிகளில் உயிரினங்களும் மாந்தரும், மேற்படிகளில் அடியாரும் தெய்வங்களும் இடம்பெறுதல் வழக்கம். இவற்றுள் மூத்த இடம் மரப்பாச்சிக்கு உரியது. ஆணும் பெண்ணுமாய் இணையாகச் செதுக்கப்படும் இப்பொம்மை, தாய்வீட்டிலிருந்து மணமகளோடு புகுந்த வீட்டுக்குச் செல்வது. நல்ல மரப்பாச்சி செம்மரத்தாலானது. அம்மரம் ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர்ப் பகுதி மலைகளில் இயற்கையாய் வளர்வது. அளவின்றி வெட்டப்பட்டமையால் 1995ஆம் ஆண்டு முதல் அதன் அனைத்துலக வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே பாட்டியார் தந்த செம்மரப் பாச்சி ஒன்று தொலையுமாயின், அத்தகைய இன்னொன்றைப் பெறுவது எளிதன்று.

மண் பொம்மைக்குப் பண்ணுருட்டியும் மதுரையை அடுத்த விளாச்சேரியும் பெயர் பெற்றவை. தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மைக்குப் புகழ்பெற்றது. ஆந்திரத்துக் கொண்டபள்ளியில் இலேசான மரத்தைச் செதுக்கி, மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் குழைத்த கலவையால் உறுப்புகளை ஒட்டுவர். ஜேர்மனியிலும் யப்பானிலும் செய்த பீங்கான், செலுலோயிட் பொம்மைகளும் பிற்காலத்தில் கொலுப் படியேறின.

நம் நாட்டில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், நவராத்திரிக்கு நவதானியம் முளைக்கவிட்டுக் கும்பம் வைத்தலே பெருவழக்கு. கொலு வைப்பதைச் சில குடும்பங்களிலும், கோயில்களிலும், பாடசாலைகளிலும் காணலாம். 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற் சேவை ஏற்பட்டபின், தலயாத்திரை சென்று திரும்புவோர்க்கு இத்தகைய பொருள்களைக் கொண்டுவருதல் எளிதாயிற்று. 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆயினும் அப்புயலினும் கொடியன பின்னர் வந்தன. 1983 ஆடிக் கலவரத்தில் வீடுகள் எரிந்தன. 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்து மக்கள் கையிற் கொண்டதோடு ஊர் விட்டு நடந்தனர். உயிரைக் காக்க ஓடுபவர் பொம்மைப் பெட்டியைத் தூக்குவதுண்டோ? ஆதலின் இன்று எஞ்சியுள்ளவை சிலவே. அச்சிலவும் நம் கவனக்குறைவால் அழிதல் ஆகாது.

ஆகம விதிப்படி பிரதிட்டை செய்த திருவுருவம் பின்னமானால் அதற்குரிய முறை வேறு. அதனைச் சிவாசாரியாரே சொல்லவேண்டும். கொலுப் பொம்மை அத்தகையதன்று. விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து வைப்போம். அதனைச் செப்பனிட்டு மீண்டும் வைப்பதில் தவறில்லை.

செப்பனிடுமுன் அது எதனாலானது என்று அறிதல் வேண்டும். வர்ணம் பூசிய மண் பொம்மையை நீரிற் கழுவலாகாது, வர்ணம் கரைந்துவிடும். மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினாற் போதும். பிளாஸ்டர் ஒவ் பாரிஸ் நீரை உறிஞ்சி இளகுவது. மரப்பாச்சியை உலர்ந்த துணியால் துடைத்து, துளி எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கலாம். மரப் பொம்மையின் கை கழன்றால் மேற்கூறிய புளியங்கொட்டைக் கலவையே நல்ல மருந்து. செலுலோயிட் சட்டெனத் தீப்பற்றும் பொருள். அதனைக் குத்துவிளக்கின் அருகே ஒருபோதும் வைக்கலாகாது. பெட்டியில் வைக்கும்போது பத்திரிகைத் தாளில் நேரே சுற்றினால் அச்சுமை ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டித் துணியே சிறந்தது. ஈரமும் கறையானும் அணுகாத இடமாய்ப் பார்த்து வைத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. பழைய முகத்தின் மேல் புதிய வர்ணம் பூசி அதனைப் புதுப்பொம்மை ஆக்குதல் பேணுதல் ஆகாது. கைவினைஞன் எழுதிய கண் அதனோடு மறைந்துவிடும். உடைந்ததை ஒட்டுவோம், உதிர்வதைத் தடுப்போம், மங்கிய வர்ணத்தை மங்கியபடியே விடுவோம். முதுமைக்கும் ஓர் அழகுண்டு.

இளைஞர்களே! வருகின்ற நவராத்திரியில் உங்கள் வீட்டிலோ அயலிலோ பழம் பொம்மை இருக்குமாயின், பெரியோரை அணுகிக் கேளுங்கள். யார் வாங்கியது, எவ்வூரிலிருந்து வந்தது, யார் கையால் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பவற்றை ஒரு சிறு தாளில் எழுதி அப்பொம்மையோடு வையுங்கள். பெரியோர்களே! கேட்கும் பிள்ளைக்கு இவற்றைப் பொறுமையோடு சொல்லுங்கள். பாட்டில் எழுதப்பட்டமையாலன்றோ பஞ்சாய்ப் பாவையை நாம் இன்று அறிகின்றோம்! பெயரும் ஊரும் எழுதப்படாத பொம்மை, இன்னொரு தலைமுறையில் யாருடையதென்று அறியப்படாத வெறும் மரமும் மண்ணும் ஆகிவிடும். அதற்கு முன் எழுதி வைத்தல் நம் கடனாகும்.