காற்றுக்கு ஒரு வரைபடம்



பால்மரக் காட்டுக்குள் நிற்கும்போது காற்றே இல்லாததுபோல் தோன்றும். வெளியே பந்துத் திடலுக்கு வந்தால் தலைமுடி பறக்கும். காற்று ஒன்றுதான், இடம்தான் வேறு. நாம் தினமும் காணும் இந்தச் செய்திதான் காற்று வரைபடத்துக்கு அடிப்படை.

1973-ஆம் ஆண்டில் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. வட ஐரோப்பாவிலுள்ள டென்மார்க் பெரும்பாலும் வெளிநாட்டு எண்ணெயையே நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது என்று தடை போட்டார்கள் என்றால் பாருங்களேன்! அந்நாட்டாருக்குக் காற்றாலை புதிதன்று. 1891-லேயே பொல் லா கூர் என்பவர் அஸ்கோவ் என்ற ஊரில் காற்றாலையால் மின்சாரம் எடுத்துக் காட்டியிருந்தார். ஆனால் காற்றாலையை எங்கே நிறுத்துவது?

இங்கேதான் சிக்கல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகிறது. வினாடிக்கு 5 மீட்டர் என்று நாம் நம்பிய இடத்தில் 4 மீட்டர்தான் வீசுகிறது என்றால், ஆற்றலில் ஏறக்குறைய பாதி போய்விடும். வாங்கிய கடன் மட்டும் குறையாது.

வானிலை நிலையங்களில் பல்லாண்டுக் கணக்குகள் இருந்தன. ஆயினும் அவை அந்தந்த நிலையத்தின் காற்று. பக்கத்து வீடும் மரமும் மேடும் அதில் கலந்திருந்தன. ரீசோ ஆய்வுக்கூடத்து அறிஞர்கள் ஒரு வழி கண்டார்கள். முதலில் நிலையத்தைச் சுற்றியுள்ள தடைகளின் பாதிப்பைக் கணக்கில் கழித்தார்கள். பிறகு, காற்றாலை வரவிருக்கும் இடத்தின் தடைகளைக் கூட்டினார்கள். நீர்ப்பரப்பு முதல் காடு, நகரம் வரை நிலத்தை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இம்முறையில் 1981-இல் டென்மார்க்கின் காற்று வரைபடம் வெளிவந்தது. 1989-இல் இப் ட்ரோயன், எரிக் லுண்டாங் பீட்டர்சன் இருவரும் ஐரோப்பாவுக்கே ஒன்று தந்தனர். கனத்த புத்தகம், பொறியாளர் மேசையில்தான் இருந்திருக்கும்.

2015-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உலகக் காற்று வரைபடத்தை இணையத்தில் வைத்தது. பின்னர் உலக வங்கியும் துணை நின்றது. கட்டணம் இல்லை. கைத்தொலைபேசியிலேயே நம் ஊரைத் தேடிப் பார்க்கலாம்.

நம் தீபகற்பத்தைப் பார்த்தால் சற்று ஏமாற்றந்தான். நிலநடுக்கோட்டருகே காற்று மெல்லியது. வடகிழக்குப் பருவக்காற்றின்போதுதான் கிழக்குக்கரையில் வலுக்கும். அதை முன்னதாகவே அறிவதும் ஒரு லாபமே.

ஆனால் அந்த வரைபடத்தின் ஒரு கட்டம் 250 மீட்டர். ஒரே கட்டத்துக்குள் பால்மரக் காடும் பந்துத் திடலும் சேர்ந்தே இருக்கக்கூடும். ஆகவேதான் காற்றாலை கட்டுமுன் அந்த இடத்திலேயே உயர்ந்த கம்பம் நட்டு, கிண்ணங்கள் சுழலும் காற்றுமானியை மாட்டி, ஓராண்டாவது அளந்து பார்க்கிறார்கள்.