மூலிகையை வரைந்த கைகள்

கொள்ளிடத்தின் வடபுறத்தே அமைந்த தா.பழூர் வட்டார வயல் வரப்புகளில் மழைக்குப் பின் கீழாநெல்லி தழைத்து நிற்கும். அதன் பெயரை அறிந்தோர் பலர். மேலாநெல்லியினின்றும் அதனைப் பிரித்தறிவோர் சிலரே. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று அம்மியில் அரைபடுமானால் இழப்பு நோயாளிக்குத்தான். செடியின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். இலையின் அமைப்போ மாறாது. ஆகவேதான் மருத்துவ அறிஞர்கள் ஓவியரின் துணையை நாடினர்.

கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் முதல் நூற்றாண்டில் இயற்றிய மூலிகை நூல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அரபு மொழிக்கு வந்தது. இஸ்திஃபான் இப்னு பாஸில் மொழிபெயர்க்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைச் செப்பம் செய்தார். அதன் படிகள் பல வண்ணப் படங்களுடன் எழுதப்பெற்றன. ஆயினும், படத்தைப் பார்த்தே மீண்டும் படம் எழுதும்போது செடி தன் உண்மை உருவை இழந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் ரஷீதுத்தீன் இப்னு அஸ்ஸூரி (1177–1242). அவர் ஓவியர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு லெபனான் மலைகளுக்குச் சென்றார். செடி முளைவிடும்போது ஒருமுறை, முதிர்ந்து விதை கொள்ளும்போது ஒருமுறை, காய்ந்தபின் ஒருமுறை என மும்முறை வரையச் செய்தார். மருந்துக் கடையில் நாம் காண்பது உலர்ந்த சரக்கையே அன்றோ! இச்செய்தியை அவர் காலத்தவரான இப்னு அபீ உஸைபிஆ தமது மருத்துவர் வரலாற்றில் பதிந்துள்ளார். மருத்துவரின் பெயர் நிலைத்தது. உடன் சென்ற ஓவியரின் பெயர் நமக்கு எட்டவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தா.பழூருக்குத் தெற்கே கொள்ளிடத்தைக் கடந்தால் தஞ்சைச் சீமை. அங்கு 1798 முதல் 1832 வரை அரசராக விளங்கிய இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் மருத்துவ ஆய்வு நடத்தியதோடு மூலிகைகளை வண்ணத்தில் வரையவும் செய்தார். அக்காலத்தே நாகப்பட்டினத்தில் பணியாற்றிய ஆங்கிலேயக் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட், ரங்கய்யா என்னும் தென்னாட்டு ஓவியரைக் கொண்டு செடிகளை வரைவித்தார். அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்தவர் கோவிந்து. இலை நரம்பும் பூவிதழும் மட்டுமன்றி, பூவை அறுத்துக் கண்ட உள்ளுறுப்புகளும் அவர்கள் தூரிகையில் இடம்பெற்றன. 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளிவந்த வைட்டின் பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இவ்விருவரின் கைவண்ணமே. அவர்களுடைய மூல ஓவியங்கள் பல இன்று எடின்பரோ அரசுத் தாவரத் தோட்டத்தில் பேணப்படுகின்றன.

இங்கு ஒரு நன்றிக்கடன் செலுத்தப்பட்டது. 1832இல் ஜெர்மானிய அறிஞர் நீஸ், ஆடாதோடைக் குடும்பத்துப் பேரினம் ஒன்றுக்கு ரங்கய்யாவின் பெயரால் 'ருங்கியா' எனப் பெயரிட்டார். வைட்டும் ஓர் ஆர்க்கிட் செடிக்குக் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார்.

கற்றவரின் சொல்லும் கைவினைஞரின் கண்ணும் சேர்ந்தே மருத்துவத்தைக் காத்தன. நம் இல்லங்களில் ஹக்கீம்களும் வைத்தியர்களும் விட்டுச்சென்ற பழைய குறிப்பேடுகள் இருக்குமாயின், அவற்றைக் கரையானுக்கு இரையாக்க வேண்டாம். அவற்றில் செடியின் உருவம் காணப்பட்டால், அதை வரைந்தவர் யாரென வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, அப்பெயரையும் அருகில் எழுதி வைப்போமாக!