மிரியம் வான் வாட்டர்ஸ்

மிரியம் வான் வாட்டர்ஸ் (1887–1974) அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபிரேமிங்ஹாம் பெண்கள் சீர்திருத்தச் சிறையின் கண்காணிப்பாளராக 1932 முதல் 1957 வரை பணியாற்றியவர். மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்ற இவர், முன்னதாக லாஸ் ஏஞ்சலிஸ் சிறார் நீதிமன்றத்தில் பணிபுரிந்தார்.

ஃபிரேமிங்ஹாமில் அவர் கைதிகளை ‘மாணவிகள்’ என்றே அழைத்தார். கைக்குழந்தைகள் தாயருகே சிறை வளாகத்திலேயே வளர்ந்தன. தண்டனைக் காலத்திலேயே பெண்கள் பகலில் வெளியே சென்று கூலி வேலை பார்த்துத் திரும்பினார்கள். விடுதலையான சிலருக்குச் சிறையிலேயே வேலையும் கிடைத்தது.

இந்தச் சலுகைகளே குற்றச்சாட்டுகளாகத் திரும்பின. 1949 ஜனவரியில் சிறைத்துறை ஆணையர் அவரைப் பதவிநீக்கம் செய்தார். அதைத் தொடர்ந்த பொது விசாரணையை நாளிதழ்கள் விரிவாக வெளியிட்டன. பழைய வாழ்க்கை ஊரறிய வெளிப்படும் என்ற அச்சம் இருந்தும் முன்னாள் கைதிகள் அவர் பக்கம் நின்றனர். ஹார்வர்டு சட்டக் கல்லூரித் தலைவர் எர்வின் கிரிஸ்வோல்டு தலைமையிலான மூவர் குழு, மார்ச் மாதம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது.

சிறைக்குள் இருப்பவர் காட்டும் நன்றியை அப்படியே நம்ப முடியாது. விடுதலைக்குப் பரிந்துரைப்பவரும் அதிகாரிதானே. விடுதலையான பிறகும், எதையும் எதிர்பார்க்கத் தேவையற்ற நிலையிலும், பெண்கள் அவருக்கு எழுதிய கடிதங்களே அந்த நன்றிக்கு வலுவான சான்று. அவரது ஆவணங்கள் ராட்கிளிஃபின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் உள்ளன. ஓய்வுக்குப் பின்னும் ஃபிரேமிங்ஹாமிலேயே வாழ்ந்து அங்கேயே மறைந்தார்.