1,600 போலீஸும் ஒரு பாப் பாட்டும்

தென் கொரிய அதிபர் பார்க் குன்-ஹே வீழ்ந்த கதைக்கு இந்த வாரம் வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தேன். அவருடைய தோழி சோய் சூன்-சில் அதிபர் மாளிகையை எப்படி ஆட்டிவைத்தார் என்பதெல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் 2016 டிசம்பர் 9 அன்று அவருடைய பதவிநீக்கத் தீர்மானத்துக்கு நாடாளுமன்றத்தில் விழுந்த 234 ஓட்டுகள்தான். ஆனால் அதே ஆண்டு ஜூலை 30 அன்று சியோலின் எஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் நடந்ததைத் தாண்டிக்கொண்டு அங்கே போக முடியாது. வேலைக்குப் போகிறவர்கள் பட்டம் பெற அரசு நிதியோடு புதிய கல்லூரி ஒன்றைத் தொடங்க நிர்வாகம் முடிவெடுத்தது. எங்களைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்று மாணவிகள் கொதித்தார்கள்; ஜூலை 28 அன்று பிரதான கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பேராசிரியர்களும் ஊழியர்களும் சிலர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அவர்களை மீட்பதற்கென்று மூன்றாம் நாள் வளாகத்துக்குள் நுழைந்த போலீஸார் 1,600 பேர். உள்ளே இருந்த மாணவிகள் ஏறத்தாழ 200 பேர்.

முகத்தை மறைத்துக்கொண்டு, ஒருவர் கையோடு ஒருவர் கைகோத்து, தாழ்வாரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள் போலீஸைப் பார்த்ததும் பாட ஆரம்பித்தார்கள். அது புரட்சிப் பாட்டு அல்ல. ‘கேர்ள்ஸ் ஜெனரேஷன்’ என்ற ஒன்பது பேர் கொண்ட பெண்கள் குழு 2007 ஆகஸ்டில் அறிமுகமான ‘இன்டு தி நியூ வேர்ல்ட்’. மெட்டு கென்ஸியுடையது, முதலில் எஸ்.எம். இசை நிறுவனத்தின் ‘மில்க்’ என்ற வேறொரு குழுவுக்காகப் போட்டது, அந்தக் குழு கலைந்ததால் இவர்களுக்கு வந்தது. வீடியோவைப் பார்த்தால் போராட்டத்தின் சாயலே கிடையாது. பதின்வயதுப் பெண்கள் ஆளுக்கொரு கனவைத் துரத்துகிறார்கள். ஒருத்தி மோட்டார் பைக்கைப் பழுதுபார்க்கிறாள். பிறகு எல்லாரும் வரிசையாக நின்று, பல்லவி வரும்போது ஒரே நேரத்தில் காலை உயரத் தூக்கி உதைக்கிறார்கள். கொரியாவில் அந்த உதையைத் தெரியாதவர் குறைவு. கைகோத்து உட்கார்ந்திருந்தவர்களால் காலைத் தூக்க முடியாது. ஆகவே அன்று எஹ்வாவில் குரல் மட்டும்தான். அந்தக் காட்சி இணையத்தில் பரவி, ஊரே பார்த்தது.

இருக்கிற போராட்டப் பாடல்களை விட்டுவிட்டு இதை ஏன் பாடினார்கள்? 1980 குவாங்ஜு எழுச்சியில் மடிந்தவருக்காக உருவான ‘காதலருக்கான அணிநடை’ எந்தத் தொழிற்சங்கக் கூட்டத்திலும் ஒலிப்பது. ஆனால் எஹ்வா மாணவிகள் வெளியார் அமைப்புகள் எதையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. தலைவி என்று ஒருத்தியை நிறுத்தவில்லை. மணிக்கணக்காக விவாதித்து முடிவெடுக்கும் தங்கள் முறையை ‘நத்தை ஜனநாயகம்’ என்றார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு எல்லாருக்கும் மனப்பாடமான, எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத ஒரு பாட்டு வேண்டும். 2007-ல் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளாக இருந்தவர்களுக்கு இதைவிட்டால் வேறேது? அரசியல் துளியும் இல்லாததுதான் இந்தப் பாட்டின் அரசியல் பலம் என்பது என் கட்சி. பாடுகிறவர்மேல் முத்திரை குத்த அதிகாரத்துக்கு அதில் பிடி கிடைப்பதில்லை.

வியாபாரப் பாட்டுக்கு இத்தனை பெருமையா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. எஸ்.எம். நிறுவனம் தர்மசத்திரம் அல்ல. 13 ஆண்டு ஒப்பந்தம் அடிமைச் சாசனம் என்று ‘தோங் பாங் ஷின் கி’ குழுவின் மூவர் 2009-ல் நீதிமன்றம் போனது அந்த நிறுவனத்தை எதிர்த்துத்தான். ஆனால் பாட்டு எங்கே பிறந்தது என்பது ஒன்று, யார் அதை எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு. கிம் மின்-கி எழுதிய ‘காலைப் பனித்துளி’யும் போராட்டத்துக்கென்று பிறந்ததல்ல. பார்க் சுங்-ஹீ அரசு 1975-ல் தடை போட்டது. 1987-ல் ஜனநாயகப் போராட்டத்தில் உயிரிழந்த மாணவர் லீ ஹன்-யோலின் இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட பெருங்கூட்டம் அதையே பாடியது. தடை போட்ட அந்தப் பார்க்கின் மகள்தான் நம் கதையின் பார்க் குன்-ஹே. தகப்பனார் தனிமனிதன் ஒருவனின் பாட்டைத் தடை செய்தார். நாடே முணுமுணுக்கும் ஹிட் பாட்டை மகளால் என்ன செய்ய முடியும்?

இன்னொரு ஆட்சேபம் கனமானது. மாணவிகள் காத்தது தங்கள் பட்டத்தின் மவுசைத்தானே, வேலைக்குப் போகிறவர்கள் படிக்க வந்தால் இவர்களுக்கு என்ன என்று அன்றே பலர் கேட்டார்கள். தொடக்கத்தில் அந்த வாடை இருந்தது உண்மை. ஆனால் பல்கலைக்கழகத் தலைவர் சோய் கியோங்-ஹீ, மாணவிகளோடு பேச வேண்டிய நேரத்தில் போலீஸைக் கூப்பிட்டார். வில்லனைத் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. ஆகஸ்ட் 3 அன்று கல்லூரித் திட்டம் கைவிடப்பட்ட பிறகும், அவர் பதவி விலகும்வரை நகரமாட்டோம் என்று மாணவிகள் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த இலையுதிர்காலத்தில்தான் சோய் சூன்-சில்லின் மகள் சோங் யூ-ராவுக்கு எஹ்வா குறுக்குவழியில் இடம் கொடுத்த கதை வெளியே வந்தது. அக்டோபர் 19 அன்று தலைவர் விலகினார். ஐந்தே நாளில் ஜேடிபிசி தொலைக்காட்சி, சோய் சூன்-சில்லின் டேப்லெட்டில் இருந்த அதிபரின் உரைகளைக் காட்டியது. ஆட்சியைக் கவிழ்த்தது அந்த டேப்லெட்தான், பாட்டு அல்ல என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆகஸ்டிலேயே மாணவிகள் கலைந்து போயிருந்தால் எஹ்வா பக்கம் யார் எட்டிப் பார்த்திருப்பார்கள்?

பாட்டு அதோடு ஓயவில்லை. 2016 நவம்பரில், பார்க் பதவி விலகக் கோரி மெழுகுவத்தியோடு கூடிய மக்களைப் பார்த்து, காற்றடித்தால் மெழுகுவத்தி அணைந்துவிடும் என்று எகத்தாளம் பேசினார் ஆளுங்கட்சி எம்.பி. கிம் ஜின்-தே, மறுவாரமே மக்கள் அணையாத எல்.இ.டி. விளக்கோடு வந்து நின்றார்கள். 2024 டிசம்பர் 3 அன்று அப்போதைய அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் அறிவித்ததைத் தொடர்ந்து வந்த நாட்களில், அந்த விளக்குக்குப் பதில் பாப் கச்சேரியில் ஆட்டும் லைட் ஸ்டிக்கோடு இளம்பெண்கள் நாடாளுமன்ற வாசலில் திரண்டார்கள். டிசம்பர் 14 அன்று 204 ஓட்டில் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியதும் திடலில் ஒலித்தது இந்தப் பாட்டுதான். பார்க் குன்-ஹேயின் 234 ஓட்டு எங்கே என்று கேட்பவர்களுக்கு: அடுத்த வாரம் நாடாளுமன்றத்துக்குள்தான் இருப்போம். அதற்குள் 2007-ன் அந்த வீடியோவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.