மானிப்பாயில் இரண வைத்தியம்

தொடையிடுக்கிலே புடைத்து, படுத்தால் உள்ளே போய், எழுந்தால் வெளியே வரும் குடலிறக்கத்தை முதுமையோடு வந்த தொல்லையென்றே பலர் பொறுத்திருப்பர். ஒருநாள் அப்புடைப்பு உள்ளே செல்ல மறுக்கும், வயிறு ஊதும், வாந்தி ஓயாது. இரத்த ஓட்டம் தடைப்பட்ட குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். பிறகு கீறித் திறத்தலன்றி வேறு வழியில்லை.

திறந்த பின்னர் காத்திருப்பது யாது? பெரும்பாலும் சிறுகுடல், அல்லது கொழுப்புச் சவ்வு. மிக அரிதாக, இடப்பக்கப் புடைப்பினுள்ளே பெருங்குடலின் வளைந்த பகுதி புற்றுநோய்க் கட்டியோடு இறங்கிக் கிடக்கும். அங்கே குடலை உள்ளே தள்ளித் தைத்துவிடுதல் போதாது. நோயுற்ற பகுதியை வெட்டி அகற்றவேண்டும். சிலவேளை குடலின் நுனியை வயிற்றுச் சுவரிலே வாயிலாக அமைக்கவும் நேரும்.

ஆகவே நோயாளியின் உயிர், வைத்தியர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதையும் பொறுத்தது. இதனை நன்குணர்ந்தவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மறு ஆண்டில் மானிப்பாயிலே வைத்தியமும் போதனையும் தொடங்கினார். அவர் வந்த ஆண்டிலேயே எடின்பரோவில் சிம்சன் குளோரபோம் மயக்கத்தைக் கையாண்டார் என்பது நினைக்கத்தக்கது. அதற்கு முன்னோ, நோயாளியை நாலுபேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, வைத்தியர் விரைந்து அறுப்பார்!

ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் நாடி ஊரைவிட்டுப் போய்விடுவர். தமிழிற் கற்றவர்களே கிராமங்களில் தங்குவர் என்பது கிறீனின் கருத்து. 1860களில் அவர் போதனையைத் தமிழுக்கே மாற்றினார். அதற்கு நூல்கள் வேண்டுமே! துரூயிற் என்பார் எழுதிய சத்திரசிகிச்சை நூல், ‘இரண வைத்தியம்’ என்ற பெயருடன் 1867இல் தமிழில் வெளிவந்தது. உடற்கூற்றுக்கும் பிரசவத்துக்கும் இரசாயனத்துக்குங்கூட அவர் தமிழ் நூல்கள் தந்தார்.

அதே 1867இலேதான் லிஸ்ரர், காயம் சீழ்ப்பிடியாது காக்கும் தம் முறையை உலகறியச் செய்தார். யாழ்ப்பாணத்து மாணவர் கத்தியின் வழியைத் தமிழிற் பயின்றபோது, அக்கத்தியைத் தூய்மையாக்கும் வழி ஐரோப்பாவுக்கே புதிதாயிருந்தது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் காலமானார். அவ்வாண்டிலேயே இத்தாலியில் பாசினி, குடலிறக்கத் துவாரத்தைத் தசையடுக்குகளாற் பலப்படுத்தித் தைக்கும் முறையைத் தொடங்கினார்.